டிக்கிக்குள் ஒரு விசில்

ஜூன் 2

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

நீ கோபித்துக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு ஐந்து நாள். பதினோரு தடவை போன் செய்தேன். பத்துத் தடவை நீ எடுக்கவில்லை. பதினோராவது தடவை உன் அக்கா எடுத்து, "அவ பேச மாட்டாளாம். நீங்க பேசினா பின்னாடி டம்மு டும்முன்னு இடிக்குதாம். எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பச் சொல்றா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அப்போது நான் சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நான் கடைசியாக எழுதிய கடிதம், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வேலைக்குப் போட்ட விண்ணப்பம். அதில் பொய் அதிகம். இதில் இருக்காது.

உன் மர அலமாரியின் கதவைக் கழற்றி அறுத்தது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. ஆனால் எட்டு மாதமாக, "அந்தக் கதவை ஏதாவது பண்ணுங்க, ஏதாவது பண்ணுங்க" என்று சொன்னது யார்? கீல் ஆடிக்கொண்டிருந்தது. நானும் ஏதாவது பண்ணினேன். என்ன பண்ணினேன் என்பதில்தான் நமக்குள் கருத்து வேறுபாடு. கார் டிக்கியில் வைக்கிற சப்வூஃபருக்கு, அதாவது டம் டம்மென்று இடிக்கிற பெரிய ஸ்பீக்கருக்கு, பெட்டி செய்வதென்றால் பலகை கல்லு மாதிரி இருக்க வேண்டும். கடையில் வருவதெல்லாம் அப்பளமாக இருக்கிறது. உன் கதவு கல்லு மாதிரி இருந்தது. இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. கேட்க நாக்கு கூசுகிறது. பெட்டி எங்கேயோ காற்று விடுகிறது. டம் என்று விழ வேண்டிய அடி தொப் என்று விழுகிறது. கூடவே ஒரு விசில் வேறு. ஃப்ரிட்ஜ் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக ஓட்டை கண்டுபிடிப்பதே உன் வேலை. செப்புக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் விட மாட்டாய். எனக்கு ஒரு வழி சொல்லக் கூடாதா?

சாப்பிட்டேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

உன் கணவன்


ஜூன் 6

வாத்தியாருக்கு,

உங்களிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நான் உங்களை வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறேன். அந்தப் பதினெட்டு நாளில், "கண்ணாடியப் பாரு, பின்னாடி வர்றவங்களப் பாரு" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பீர்கள். ரம்பத்தைக் கையில் எடுக்கும் முன் ஒரே ஒரு தடவை நீங்கள் பார்த்திருக்கலாம். பின்னால் வருகிறவள் நான்தான். ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

அந்த அலமாரி என் முதல் சம்பளத்தில் வாங்கியது. கல்யாணத்துக்கு முன்னாலேயே என்னோடு இருந்தது. அந்த வகையில் அது உங்களுக்கு சீனியர். நம் வீட்டில் சீப்பு பொது, துண்டு பொது. என் செருப்பைக்கூட நீங்கள் மாட்டிக்கொண்டு கடைக்குப் போவீர்கள். எனக்கு மட்டும் என்று பூட்டி வைக்க இருந்தது அந்த ஒரு கதவுதான். சாவி இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. பூட்டு உங்கள் டிக்கியில் ஆடிப் பாடிக்கொண்டிருக்கிறது.

ஒரு தகவல். எங்கள் கம்பெனிக்கு இந்த ஊரிலும் ஒரு கிளை இருக்கிறது. இங்கே சோதனைப் பிரிவில் ஓர் இடம் காலி. முப்பதாம் தேதிக்குள் மாற்றல் படிவத்தைக் கொடுத்தால் இடம் எனக்குத்தான் என்று மேனேஜர் சொல்கிறார். என் லீவும் அன்றோடு முடிகிறது. ஜூலை ஒன்றாம் தேதி இங்கே வேலைக்குப் போவதா, அங்கே வருவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இதைத் தகவலுக்காக எழுதுகிறேன். மிரட்டலாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட என் தொழில் புத்தி இடம் கொடுக்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, ஊஃபரின் நடுக் கூம்பை நாலு விரலால் மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். பெட்டி காற்று விடாமல் இருந்தால் கூம்பு நிதானமாகத் திரும்பி வரும். சட்டென்று எகிறினால் எங்கேயோ ஓட்டை. பிறகு பாட்டைப் போட்டு, டிஷ்யூ பேப்பரை நாடா மாதிரி கிழித்துப் பெட்டியின் ஓரங்களில் காட்டுங்கள். எங்கே துள்ளுகிறதோ அங்கே. நாங்கள் கம்பெனியில் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்ப்போம். நீங்கள் பூச வேண்டாம். அது செம்பு, இது பலகை. திரும்பவும் சொல்கிறேன், சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

நீங்கள் சாப்பிட்டீர்களா என்று நான் இப்போதும் கேட்கவில்லை.

அக்காவின் தங்கை


ஜூன் 10

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே சோப்புத் தண்ணீர் பூசி முடித்துவிட்டேன்.

என் மேல் தப்பு இல்லை. "சோப்பு போட்டா ஓட்டை தானா பேசும்" என்று வீட்டில் பெருமையடித்தது நீதான். துணி துவைக்கிற தூளை அரை வாளி கரைத்து, பெட்டி முழுக்கப் பூசி, சத்தத்தை முழுசாக வைத்தேன். நுரை எல்லாப் பக்கமும் பொங்கியது. எது ஓட்டை நுரை, எது வாளி நுரை என்று யாருக்குத் தெரியும்? ஒரு லாபம், டிக்கி வாங்கின நாளிலிருந்து இப்படிச் சுத்தமாக இருந்ததில்லை.

அப்புறம் நீ சொன்னபடி கூம்பை அழுத்தினேன். நீ கோபத்தில் கதவைச் சாத்தும் வேகத்தில் எகிறியது. சரி, மூலைகள்தான் என்று முடிவு கட்டி, ஊஃபரைக் கழற்றி, அந்த வட்டத்துக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு, உள்ளே ஒவ்வொரு இணைப்பிலும் சிலிக்கான் பசையை இழுத்து விரலால் தடவினேன். இரண்டு டியூப் காலி. இருபத்து நாலு மணி நேரம் காய விடவும் என்று டியூபில் எழுதியிருந்ததை, டியூபைக் குப்பையில் போடும்போதுதான் படித்தேன். அதற்குள் ஊஃபரை மாட்டி, நம் காரை வழக்கம்போல வகுப்புக்கும் எடுத்தாயிற்று.

காலை வகுப்பு, பேங்க்கில் வேலை பார்க்கிற அம்மா. ஐம்பத்திரண்டு வயது. பயந்த சுபாவம். பசையின் காடி வாசனை கண்ணைக் கரிக்க, அவர் அழுதுகொண்டே முதல் கியர் போட்டார். நாலு ரோடு சந்திப்பில், சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்த பாட்டில் ஓர் அடி விழுந்தது. பின்னாலிருந்து விசில். அவர் நடு ரோட்டில் பிரேக்கை மிதித்துவிட்டார்.

"போலீஸ் விசிலடிக்கிறார் சார்!"

"போலீஸ் இல்லம்மா, டிக்கி."

"டிக்கி எதுக்கு சார் விசிலடிக்குது?"

அதற்குள் பின்னால் நின்ற லாரிக்காரர் என் பரம்பரையைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னார். விஷயம் ஸ்கூல் முதலாளி காதுக்குப் போய், "பெட்டி இருந்தா இருக்கட்டும். விசில் போகணும். இல்லேன்னா நீங்க போகணும்" என்றுவிட்டார்.

மாற்றல் விஷயத்தைப் படித்தேன். அதைப் பற்றி எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தேன். விசில் நிற்கட்டும், எழுதுகிறேன்.

உன் கணவன்


ஜூன் 13

வாத்தியாருக்கு,

பேங்க் அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்கவும்.

விசில் நிற்கட்டும் என்று நீங்கள் காத்திருக்கலாம். முப்பதாம் தேதி காத்திருக்காது.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். பாட்டுக் கேட்க ஒரு ஓட்டை ரேடியோ போதும் என்று பத்து வருடம் சொன்ன மனிதருக்கு நாற்பத்து மூன்று வயதில் திடீரென்று எதற்கு சப்வூஃபர்? வயதுப் பையன்கள் செய்கிற வேலையை எல்லாம் இப்போது செய்து பார்க்கிறீர்களா?

என் அலமாரிக்குள் இருந்த சாமான்கள் என்ன ஆயின? துணிமணியைக் கேட்கவில்லை. கீழ்த்தட்டில் இருந்த காகிதங்களைக் கேட்கிறேன்.

மூன்றாவது, எந்தப் பலகையை எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். ஓட்டை எங்கே இருக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். எங்கே கண்டிப்பாக இருக்காது என்று நினைக்கிறீர்களோ, அந்த இடங்களைச் சொல்லுங்கள். எங்கள் வேலையில் ஓட்டை எப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

சோதனைப் பிரிவு


ஜூன் 17

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

உன் சாமான் எல்லாவற்றையும் ஒரு பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டிக் கட்டில் மேல் வைத்திருக்கிறேன். எதையும் பார்க்கவில்லை. மூட்டை உன் பக்கத்துத் தலையணையில்தான் படுத்திருக்கிறது. உன்னைவிடக் குறைவாகத்தான் போர்வையை இழுக்கிறது.

பலகை விவரம். ஒரு கதவை ஆறாக அறுத்தேன். கதவின் மேல் பகுதி, பெட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும். கீழ்ப் பகுதி, மேலேயும் கீழேயும். நடுப்பகுதி, இடமும் வலமும். ஓட்டை கண்டிப்பாக இல்லாத இடங்கள்: ஊஃபரின் விளிம்பு, ஏனென்றால் சுற்றி ஸ்பாஞ்ச் டேப் ஒட்டியிருக்கிறேன். ஒயர் போகிற துளை, அதில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பசையை அப்பியிருக்கிறேன். அப்புறம் இடது பக்கப் பலகை. அதில் உன் பூட்டு இருக்கிறது. திருகாணி துருப்பிடித்துக் கழற்ற வரவில்லை. அப்படியே உள்பக்கமாக விட்டுவிட்டு, வெளியே கறுப்புத் துணி ஒட்டிவிட்டேன். அங்கே கவலையே வேண்டாம். பூட்டு பூட்டியபடிதான் இருக்கிறது.

இனி உன் முதல் கேள்வி. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் நீ வேலை விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாய். "எங்க கம்பெனி பஸ்ல பெரிய ஸ்பீக்கர் வச்சிருக்காங்க. கடைசி சீட்ல உக்காந்தா டம் டம்னு முதுகுல தட்டிக் குடுக்கிற மாதிரி இருக்கு. நாள் முழுக்கக் குனிஞ்சு நின்ன வலியெல்லாம் போயிடுது." உன் முதுகைத் தட்டிக் கொடுக்க எனக்கும் கை இருக்கிறது. ஆனால் நான் தட்டினால், "இப்ப என்ன வேணும் உங்களுக்கு?" என்பாய். அதனால் ஒரு கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பின் சீட்டில் உட்கார வைத்து, ஊரைச் சுற்றி வர வேண்டும். நீ சாய்ந்துகொண்டு கண்ணை மூட வேண்டும்.

உன் வலிக்காகத்தான் செய்தேன். உன் கதவிலேயே செய்தேன். எழுதிப் படித்துப் பார்க்கும்போதுதான் இது எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம் என்று எனக்கே தெரிகிறது.

உன் கணவன்


ஜூன் 20

வாத்தியாருக்கு,

அக்கா வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்க இடம் கிடையாது. உங்கள் கடிதங்களை பாத்ரூமில்தான் படிக்கிறேன். இந்தத் தடவை இடது பக்கப் பலகை வரைக்கும் வந்ததும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்கா கதவைத் தட்டி, "உள்ள யாருகூடடி பேசிட்டிருக்க?" என்று கேட்டாள். "ஒரு மேதைகூட" என்றேன்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். சொல்ல மாட்டேன். என்னிடம் சொல்லாமல் நீங்கள் ஒரு காரியம் செய்தீர்கள். இப்போது நீங்கள் அறியாத ஒன்று என் கையில் இருக்கிறது. எப்படி இருக்கிறது? பேங்க் அம்மா பாவம்தான், ஆனாலும் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளட்டும்.

முதுகு விஷயம் படித்தேன். நான் அதைச் சொன்ன அன்று நீங்கள் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. நான் சொன்னது உங்கள் காதில் விழுந்தது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

மூட்டையில் ஒரு பழுப்பு உறை இருக்கும். அதைப் பிரிக்காமல் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பதாம் தேதிக்குள் எனக்கு வேண்டும்.

சோதனைப் பிரிவு


ஜூன் 23

என் இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். இப்போது பிரிக்கவில்லை. பிரிக்க அவசியமும் இல்லை. கதவைக் கழற்றிய அன்றே, அறுப்பதற்கு முன்னால், உறைக்குள் இருந்ததை எடுத்துப் பார்த்துவிட்டேன். எதையும் பார்க்கவில்லை என்று போன கடிதத்தில் எழுதியது பொய். இதுவரை எழுதியதில் அது ஒன்றுதான்.

மாற்றல் படிவம். பெயர், பிரிவு, சேர்ந்த தேதி எல்லாம் உன் கையெழுத்தில் இருக்கிறது. மாற்றல் கேட்கும் காரணம் என்ற கட்டம் மட்டும் காலி. வாங்கிய தேதியைப் பார்த்தேன். எட்டு மாதம். ரம்பத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். புத்தி உள்ளவன் உனக்கு போன் போட்டுக் கேட்டிருப்பான். நான் கதவை அறுத்தேன். பெட்டியைச் சீக்கிரம் முடித்து, உன்னை அந்தப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டால், அந்தக் கட்டம் காலியாகவே இருந்துவிடும் என்று நினைத்தேன்.

நீ திரும்பி வராமல் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. இதை எழுதத்தான் அன்றைக்கு மூன்று தாள் கிழித்தேன்.

காரணம் எழுத வேண்டியிருந்தால் ஒரு பேனாவும் வைத்திருக்கிறேன். நன்றாக எழுதும்.

அலமாரிக்குப் புதுக் கதவு போட்டாயிற்று. முதலில் செய்தது அளவு தப்பி இரண்டு விரல் குட்டை. அலமாரி அரைக்கால் சட்டை போட்ட மாதிரி நின்றது. இரண்டாவது கதவு சரியாக உட்கார்ந்துவிட்டது. கீல் ஆடவில்லை. பூட்டுக்கு இடம் விட்டிருக்கிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் அதை இனி நான் தொட மாட்டேன்.

ஓட்டை எங்கே என்று நீ சொல்ல வேண்டாம். பேங்க் அம்மாவுக்கு விசில் பழகிவிட்டது. நேற்று நிஜமான போலீஸ்காரர் விசிலடித்தார். "டிக்கிதானே சார்" என்று அந்த அம்மா தன் பாட்டுக்கு நிற்காமல் காரை ஓட்டிப் போய்விட்டார். முதலாளி எனக்கு இந்த மாதம் வரைக்கும் கெடு கொடுத்திருக்கிறார்.

சாப்பிட்டாயா?

உன் கணவன்


ஜூன் 26

வாத்தியாருக்கு,

உறையும் வந்தது, பேனாவும் வந்தது. அந்தப் பேனாவில்தான் இதை எழுதுகிறேன். நன்றாக எழுதவில்லை.

முதுகு வலியோடு வந்து பஸ் விஷயத்தைச் சொன்ன அன்று நீங்கள் தலையைத் தூக்காமல் இருந்தீர்கள் இல்லையா, அந்தக் கோபத்தில் அலமாரிக் கதவை அறைந்து சாத்தினேன். கீல் அன்றுதான் ஆட ஆரம்பித்தது. மறுநாள் போய்ப் படிவம் வாங்கினேன். உங்களிடம் சண்டை போட்டிருக்க வேண்டும். போடாமல் படிவத்தை வாங்கிப் பூட்டி வைத்தது என் தப்பு. அப்புறம் எட்டு மாதம், அவ்வப்போது அதை எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் காரணம் என்கிற கட்டத்தை முறைத்துப் பார்த்தேன். எழுதுகிற அளவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. குறட்டை என்று எழுத முடியுமா? கடைசியில் நீங்களே ஒரு காரணம் கொடுத்தீர்கள். நேற்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தேன். 'என் கணவர் என் அலமாரிக் கதவை அறுத்து சப்வூஃபர் பெட்டி செய்துவிட்டார்.' இதைப் படித்தால் மேனேஜர் எனக்கு மாற்றல் தர மாட்டார். டாக்டரிடம் அனுப்புவார்.

இனி ஓட்டை. பூட்டு பூட்டியிருக்கிறது என்கிறீர்கள். பூட்டினால் கதவு திறக்காது. சரி. சாவி போடுகிற ஓட்டை எங்கே போகும், வாத்தியாரே? பூட்டினாலும் திறந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். மேலே ஒட்டிய துணி காற்றுக்கு ஒரு தடையா? நீங்கள் போடுகிற அடியெல்லாம் நாலு வாரமாக அந்த வழியாகத்தான் விசிலடித்துக்கொண்டு வெளியே போகிறது.

ஊஃபரைக் கழற்றுங்கள். பூட்டின் திருகாணிகளில் ஆளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் சும்மா இருங்கள். சும்மா இருப்பது உங்களுக்குக் கஷ்டம், தெரியும். பூட்டு கழன்றதும் புதுக் கதவில் மாட்டுங்கள். சாவியை நான் கொண்டுவருகிறேன்.

சாவி ஓட்டையை அடைக்க இத்துடன் மாற்றல் படிவத்தை வைத்திருக்கிறேன். கம்பெனித் தாள், நல்ல கெட்டி. அந்தக் கட்டம் உள்பக்கம் வருகிற மாதிரி மடித்து, இறுக்கமாகச் சுருட்டித் திணித்தால் சரியாக உட்காரும். பூட்டில் போகிற என் சாவியை வைத்து அளந்து பார்த்துவிட்டேன். உள்ளேயும் வெளியேயும் சிலிக்கான் பூசி இருபத்து நாலு மணி நேரம் காய விடுங்கள். டியூபில் போட்டிருப்பதை இந்தத் தடவை முதலிலேயே படியுங்கள். காய்ந்த பிறகு கூம்பை அழுத்திப் பாருங்கள். அவசரப்படாமல் வரும்.

முப்பதாம் தேதி காலை ஒன்பதரை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். பஸ் நிலையத்துக்கு அந்தக் காரிலேயே வாருங்கள். பேங்க் அம்மா ஓட்ட வேண்டாம், நீங்கள் ஓட்டுங்கள். நான் பின் சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்ட பிறகு பாட்டைப் போடுங்கள். விசில் மட்டும் கேட்டதோ, திரும்பி வருகிற பஸ் பத்தே காலுக்கு.

சாப்பிட்டேன்.

உங்கள் மனைவி